3 எம்எம் அக்ரிலிக் ஷீட்டுக்கு ஒரு நன்றி மடல்

கொலு பொம்மைகளையும் பித்தளை விளக்கையும் நாங்கள் எடுத்த படங்களில் கடைசிப் படமும் நேற்று ராத்திரி போய்ச் சேர்ந்துவிட்டது. கொலுவுக்கு முன்னால் முடியுமா என்று எங்களைவிடக் கவலைப்பட்டவர்கள் நீங்கள். எல்லாப் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. ஏன் என்பதை இங்கே எழுத மனசில்லை. நன்றி மட்டும் சொல்ல வேண்டும், கை நடுக்கம் அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, மதுரை மாசி வீதிப் பக்கம் பெயர்ப் போர்டு செய்கிற ஒரு கடையில் ஷீட் வெட்டுகிற அண்ணனுக்கு. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. மில்க்கி ஒயிட் அக்ரிலிக்கில், அதாவது பால் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டில், சின்னதாக ஒரு துண்டு என்ன விலை என்றுதான் கேட்டோம். எதுக்கு என்றார். போனில் இருந்த குத்துவிளக்குப் படத்தைக் காட்டினோம். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “விளக்கு வயித்துல கோடு கோடா ஓடுதே, அது துணி இழைதான்க்கா. வேட்டியக் கட்டி வெளிச்சம் விட்டீங்களா?” என்றார். அதேதான்.

பித்தளையில் எது தப்பு என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே சொல்லிவிட்டார். மண் பொம்மைக்கும் மரச் சாமானுக்கும் வெள்ளை வேட்டித் துணி நல்ல திரைதான். பல்பின் கடுமையை மட்டுப்படுத்தும், நிழலின் ஓரம் கரையும். ஆனால் பாலிஷ் போட்ட பித்தளை ஒரு கண்ணாடி. அதன் மேல் விழுகிற வெளிச்சம் மட்டுமல்ல, எதிரே என்ன இருக்கிறதோ அதுவும் அப்படியே படத்தில் வரும். எதிரே துணி இருந்தால் இழை தெரியும், இஸ்திரி மடிப்பும் தெரியும். பட்டர் பேப்பரில் இழை இல்லை, ஆனால் லேசான மஞ்சள் உண்டு, ஃபேன் காற்றில் நெளியவும் செய்யும்.

அந்த அண்ணன் குப்பைப் பெட்டியிலிருந்து இரண்டு வெட்டுத் துண்டுகளை எடுத்தார். ஒன்று 2 எம்எம், இன்னொன்று 3 எம்எம். 2 எம்எம் துண்டுக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தார். நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று கண்ணைக் குத்தியது. 3 எம்எம் துண்டில் அதே தூரத்தில் பிடித்தபோது புள்ளி கலங்கியது. டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்க, புள்ளியே காணோம், துண்டு முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஒரே வெளிச்சம். “போர்டு எழுத்துக்குள்ள லைட்டு புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்கக்கா. நீங்களும் பல்ப ஒட்டி வைக்காம ஒரு அடி தள்ளி வைங்க” என்றார். இரண்டடிக்கு ஒன்றரை அடி துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, நான்கு ஓரத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலே ஒட்டியிருந்த கவரை மட்டும் உரிக்கவில்லை. வீட்டில் போய் உரியுங்கள், வழியில் கீறல் விழும் என்றார். பணத்தை நீட்டினால், “துண்டுக்கெல்லாம் காசு வாங்குனா நல்லாருக்காதுக்கா.” அவ்வளவுதான், மிஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

அண்ணே, அந்த ஷீட்டை என்ன செய்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

ஜன்னலைப் போர்வையால் மூடி, ட்யூப்லைட்டை அணைத்தோம். வெயிலும் பல்பும் கலந்தால் விளக்கின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று பித்தளை இரண்டையும் காட்டிக்கொடுக்கும். விளக்குக்கு இடது பக்கம், ஒரு சாண் தள்ளி, மேலிருந்து லேசாகக் கவிழ்ந்தாற்போல் ஷீட்டை நிறுத்தினோம். அதற்குப் பின்னால் நீங்கள் சொன்ன ஒரு அடியில் 12 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்றே ஒன்று. பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற அளவு) 90க்கு மேல் என்று போட்டிருக்கிற பல்பு அது. மட்டமான பல்பில் பித்தளை பச்சை பூத்ததுபோல் வரும், குங்குமச் சிவப்பு செத்துப்போகும். ஷீட் விளக்குக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மை. தள்ளி வைத்தால் அதே ஷீட் சின்ன வெளிச்சமாகி, நிழல் மறுபடி கடுமையாகிவிடும்.

முதல் படத்தில் கோடெல்லாம் போயிருந்தது. ஆனால் விளக்கு வெளிறி, வெள்ளைப் பின்னணியில் ஓரமே இல்லாமல் நின்றது. சுற்றிலும் வெள்ளை இருந்தால் பித்தளை வெள்ளையைத்தானே காட்டும்? கறுப்புச் சார்ட்டில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி, படத்துக்குள் வராத அளவில் விளக்கின் இரண்டு பக்கமும் நிறுத்தியதும், மெல்லிய கருங்கோடு ஒன்று விளிம்போடு இறங்கி விளக்குக்கு உருவம் கொடுத்தது. வலது பக்கம் ஒரு தெர்மோகோல் துண்டு, வெளிச்சத்தைத் திருப்பி விட்டு நிழலின் இருட்டைக் குறைக்க. பின்னால் வெள்ளைச் சார்ட், மடிப்பு விழாமல் சுவரிலிருந்து மேசைக்கு வளைந்து இறங்கும்படி.

அக்ரிலிக் வெளிச்சத்தை நிறையவே விழுங்கும். கேமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 8 வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை நொடிவரை போகிறது. ட்ரைபாடும் 2 நொடி டைமரும் இல்லாமல் முடியாது. போனில் எடுப்பவர்கள் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்இடி பல்புகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் அதைவிட வேகமானால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகவே காட்டவைக்கிற செட்டிங்கை, ஆட்டோவில் விட வேண்டாம். ஃபிரேம் முழுக்கப் பித்தளை மஞ்சள் இருந்தால் கேமரா அதைத் தப்பென்று நினைத்து நீலத்தை ஏற்றிவிடும். விளக்கு இருக்கிற இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து ஒரு தடவை செட் செய்தால் போதும். விளக்கு வயிற்றில் கேமராவே தெரிந்தால், பின்னால் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். முழுக்க மறையாது, கடுகளவுக்குச் சுருங்கும்.

இன்னொன்று. பித்தளைப் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். கண்ணாடி, வார்னிஷ், தண்ணீர் இவற்றின் பளபளப்பைத்தான் அது குறைக்கும்; வெறும் உலோகத்தில் பலிக்காது. அந்தக் காசுக்கு எத்தனையோ சார்ட் வாங்கலாம்.

மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றிதான் சொல்ல முடிகிறது. பொம்மை செய்கிற ஊரான விளாச்சேரியிலிருந்து வைக்கோலில் சுற்றி ஒரு பொம்மைகூட மூக்குடையாமல் கொண்டுவந்து சேர்த்த அக்காவுக்கு. மண் பொம்மைக்குப் பக்கவாட்டு வெளிச்சம் போதும் என்பதால் அவை ஒரே மத்தியானத்தில் முடிந்தன. புளி போட்டு விளக்கிய விளக்கின் இடுக்கெல்லாம் பிரஷ் விட்டுக் காயவைத்துத் தந்த எதிர்வீட்டு அத்தைக்கு. இடுக்கில் நிற்கும் வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஹோல்டரும் வயரும் மாட்டித் தந்த எலக்ட்ரீசியன் தம்பிக்கு. மேசை அதிரக் கூடாது என்று இரண்டு ராத்திரி மாடியில் மாவு ஆட்டாமல் இருந்த குடும்பத்துக்கு.

யோசித்துப் பார்த்தால், அந்த அண்ணனுக்குக் கேமரா பிடிக்கத் தெரியுமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. வெளிச்சம் தெரிந்திருந்தது. கேமரா வாங்கியவர்களிடம் கேட்டுக்கொண்டு திரிந்த நேரத்தில், நாள் முழுக்க வெளிச்சத்தோடு வேலை செய்கிறவரிடம் போகத் தோன்றவில்லை.

அந்த ஷீட் இனி எங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டிலிருந்து சாமான் விற்கிறவர்கள், நகையோ விளக்கோ பொம்மையோ, யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போகலாம். ஹோல்டர், பல்பு, கறுப்புப் பட்டைகள் எல்லாம் சேர்த்தே தருகிறோம், வாடகை கிடையாது. சூடாகிற ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஷீட் நெளிந்துவிடும். காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். கீறலும் விழும், தூசியும் இன்னும் அதிகமாக வந்து ஒட்டும். ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அண்ணே, அந்தக் குத்துவிளக்குப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கடைக்குக் கொண்டுவருகிறோம். இந்தத் தடவையாவது உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.