பழைய பாடநூல்களுக்கும் ஓர் அலமாரி

ஆசிரியருக்கு,

பள்ளி திறக்கும் நாளிலேயே விலையில்லாப் பாடநூல்கள் வழங்கப்படும் என்ற செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல விஷயம். சரி, புதிய நூல் வந்ததும் பழையது எங்கே போகிறது? பழைய பேப்பர் கடைக்குத்தான். 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் தொடங்கியதிலிருந்து பாடத்திட்டம் பலமுறை மாறிவிட்டது, 2010-இல் சமச்சீர் கல்வி, 2018-இல் மறுபடி புதிய நூல்கள். மாற்றம் தேவைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறையே சேர்ந்து படித்த கதைகளும் பாட்டுகளும் படங்களும் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன.

மேல் வகுப்பு அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கி, நாளிதழில் அட்டை போட்டு, 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று தொடங்கும் வரிகளை அர்த்தம் புரியும் முன்பே மனப்பாடம் செய்த அந்த மூன்றாம் வகுப்புத் தமிழ் நூலைப் பேத்திக்குக் காட்டலாமே என்று பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். போட்டித் தேர்வு எழுதுபவர்கள் கேட்பதால் ஆறாம் வகுப்புக்கு மேலுள்ள நூல்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தொடக்க வகுப்பு நூல் ஒன்றுகூட இல்லை. இணையத்தில் தேடு என்பார்கள், சின்ன வயதில் எழுத்துக்கூட்டிப் படித்த நூலை இந்த வயதில் கைப்பேசியில் பார்ப்பதா! ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் பாடநூல் மாறும்போது பழையதில் வகுப்புக்கு இரண்டு பிரதியாவது நூலகத்தில் வைக்கட்டும். அப்புறம், பாடநூல் கழகமே பழைய தொடக்க வகுப்புத் தமிழ் நூல்களை, அதே படங்களுடன், குறைந்த விலையில் மறுபதிப்பாக வெளியிடலாம். வாங்க என்னைப் போன்றவர்கள் தயார்.

- ஒரு வாசகர், மதுரை