பேரணாம்பட்டு அதிர்வும் கிணற்று நீர்மட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலாற்றின் வறட்சி, ஏரிகளின் கொள்ளளவு, ஆண்டுக்கு ஆண்டு கீழே போகும் ஆழ்துளைக் கிணறுகள் ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் விடாமல் எழுதிவருகிறது. நில அதிர்வு ஏற்படும்போது அதுவும் செய்தியாகிறது. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் அச்சாவதைப் போலவே, அரசிடமும் வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு பதிவேடுகளாகக் கிடக்கின்றன. வேலூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டிய தேவை இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

2021 நவம்பர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலாறு இரு கரையையும் தொட்டு ஓடியது. வேலூர்க் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் நீர் புகுந்தது. 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். பத்து நாள் கழித்து, 29-ஆம் தேதி அதிகாலை 4.17 மணிக்கு, வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டர் தொலைவில் 25 கிலோமீட்டர் ஆழத்தில் 3.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டதாகத் தேசிய நிலநடுக்கவியல் மையம் அறிவித்தது. டிசம்பர் 23 பிற்பகலிலும் 25 காலையிலும் மேற்கு-வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் 3.5 அளவில் மேலும் இரண்டு. எல்லாவற்றுக்கும் ‘வேலூரில் நிலநடுக்கம்’ என்றே தலைப்பு வந்தது. வரைபடத்தில் அளந்து பார்த்தால் முதலாவது வாணியம்பாடிப் பக்கம். மற்றவை பேரணாம்பட்டுக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி.

குடியாத்தம் வட்டத்தில் உள்ள எங்கள் வீட்டில் அப்போது அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. அதற்கு முன்பே தரைக்கு அடியிலிருந்து வெடிபோட்டது போன்ற ஓர் ஓசை கேட்டது. சன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல் கண்டது. அதன் நுனியில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதிவைத்தேன். பார்க்க வந்த அலுவலர் ஒருவர், கல்குவாரியில் வெடி வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குவாரி வெடியா, நிலநடுக்கமா என்பது அனுமானத்துக்கு விட வேண்டிய விஷயமன்று. வெடி வைத்தால் நிலம் எல்லாத் திசையிலும் வெளிநோக்கித் தள்ளப்படும்; பாறைப் பிளவு நழுவும்போது சில திசைகளில் தள்ளலும் சில திசைகளில் இழுப்பும் முதல் அசைவாகப் பதியும். அருகில் கருவி இருந்தால் இந்த வேறுபாடு பதிவிலேயே தெரிந்துவிடும்.

பெருமழைதான் அதிர்வுக்குக் காரணமா என்று அன்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. நம் பகுதிப் பாறை கடினப் பாறை. அதில் நீர் நிற்பது வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டுமே. மழை நீர் அந்த இடுக்குகளை நிரப்பும்போது, பத்து மீட்டர் நீர் உயர்வுக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. பாறையை நசுக்குவதற்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஏற்கெனவே நழுவும் தறுவாயில் இறுகி நிற்கும் ஒரு பிளவின் பிடியைத் தளர்த்த அவ்வளவே போதும். அழுத்தம் கீழே இறங்க நாள்களோ மாதங்களோ ஆகும் என்பதால், மழை ஓய்ந்த பிறகு அதிர்வு வருவதிலும் புதுமை இல்லை.

இங்கேதான் அந்த 25 கிலோமீட்டர் ஆழம் குறுக்கே நிற்கிறது. பத்து நாளில் மழையின் அழுத்தம் அவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று கொள்வது கடினம். மூன்று, நான்கு கிலோமீட்டர் என்றால் ஏற்கத்தக்கது. காதில் விழுந்த ஓசையும் ஆழமில்லாத அதிர்வையே நினைவூட்டுகிறது. அறிவித்த ஆழம் தவறு என்று நான் சொல்லவில்லை. தொலைவிலுள்ள கருவிகளால் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்வது கடினம் என்கிறேன். நில அதிர்வில் முதலில் ஒரு வேக அலையும் பின்னால் ஒரு மெதுவான அலையும் வரும். இடைவெளியின் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவு என்று கணக்கு. மின்னலைப் பார்த்து இடி எவ்வளவு தூரம் என்று எண்ணுவது போன்றதுதான். கருவி 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அதிர்வு 5 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தாலும் 25 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தாலும் அலை கடக்கும் தூரத்தில் இரண்டே கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதாவது கால் விநாடி. அதே கருவி 10 கிலோமீட்டரில் இருந்தால் வித்தியாசம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ இரண்டு விநாடி. பத்தாம் வகுப்பு மாணவர் பிதாகரசு தேற்றத்தைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். மழையா இல்லையா என்ற கேள்வியின் விடை இந்த இரண்டு விநாடிக்குள் இருக்கிறது.

நீருக்கும் அதிர்வுக்கும் உள்ள உறவு கற்பனையன்று. மகாராட்டிரத்தின் கொய்னா அணையில் 1962-இல் நீர் தேக்கத் தொடங்கியபின் அதிர்வுகள் கூடி, 1967 டிசம்பர் 11 அதிகாலை 6.3 அளவில் நிலநடுக்கம் வந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்; காரணத்தை நேரில் பார்க்க அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறையைத் துளைத்தே ஆய்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் அருகே 1962 முதல் ஆழ்கிணற்றில் கழிவுநீரைச் செலுத்தியபோது தொடர் அதிர்வுகள் எழுந்தன. 1966-இல் நிறுத்திய பிறகு, அடுத்த ஆண்டில்தான் பெரிய அதிர்வுகளே வந்தன. இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. ஸ்பெயினின் லோர்கா நகரில் 2011 மே மாதம் ஒன்பது பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர்கள், அரை நூற்றாண்டில் நிலத்தடி நீர்மட்டம் 250 மீட்டர் இறங்கியதால் பாறையின் மேலிருந்த சுமை குறைந்ததையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்று மட்டும் வரும் ஊரில் இருப்பவர்கள் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இதைப் படித்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. கொய்னாவில் வெளிப்பட்ட ஆற்றல், இங்கே 3.5 அளவில் வெளிப்பட்டதைப் போல் ஏறத்தாழ 16,000 மடங்கு. ஏலகிரி பழைய எரிமலை, அது விழிக்கப்போகிறது என்று அதிர்வுக் காலத்தில் கைப்பேசிகளில் உலவிய வதந்திக்கும் ஒரு வரி: ஏலகிரியின் சயனைட் பாறையும், திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரின் கார்பனடைட் பாறையும் எழுபது கோடி ஆண்டுகளுக்கும் முன் பூமிக்குள் உருகி, உள்ளேயே ஆறிப்போனவை. நாட்டில் இப்போது உயிருள்ள எரிமலை அந்தமான் பகுதியின் பாரன் தீவு ஒன்றுதான்.

நான் வேண்டுவது பெரிய செலவு அன்று. பேரணாம்பட்டைச் சுற்றி நான்கைந்து அதிர்வுப் பதிவுக் கருவிகளை இரண்டு வடகிழக்குப் பருவமழைக் காலங்களுக்காவது வைத்திருக்க வேண்டும். அதே ஊர்களின் கண்காணிப்புக் கிணறுகளில், மாதம் ஒருமுறை ஆள் வந்து நாடா விட்டு அளப்பதற்குப் பதிலாக, நீர்மட்டத்தைத் தானே பதியும் கருவி வேண்டும். தேசிய நீரியல் திட்டத்தின்கீழ் அத்தகைய கருவிகள் பல மாநிலங்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. இரண்டு பதிவுகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். ஆந்திரப் பகுதிப் பதிவுகளும் சேர வேண்டும். மாவட்டம் 1989-இலும் 2019-இலும் பிரிந்தது. பாறை எந்த எல்லையையும் பார்த்துப் பிரியவில்லை. இந்த ஆய்வில் கிடைக்கும் வெடிப்பு வரைபடம் நிலநடுக்கத்துக்கு மட்டும் பயன்படுவதன்று. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பி லட்சக்கணக்கில் செலவழிக்கும் விவசாயிக்கும், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு எந்த இடுக்கு வழியாக எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று தேடுபவர்களுக்கும் அதே வரைபடம்தான் தேவை. பாலாற்றுப் படுகை மாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல்.

தங்கள் செய்தியாளர்களும் அதிர்வுச் செய்தியை வெளியிடும்போது அளவுடன் ஆழத்தையும், அந்த ஆழத்தை எத்தனை நிலையங்களைக் கொண்டு கணித்தார்கள் என்பதையும் கேட்டுப் போட்டால் உதவியாக இருக்கும்.

என் பங்குக்கு, எங்கள் நிலத்துக் கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மாதம் இருமுறை நீர்மட்டத்தை அளந்து பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். ஆய்வாளர் யார் கேட்டாலும் தருவேன். ஆனால் அதில் 2021 டிசம்பர் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. கிணறு விளிம்பு வரை ததும்பி நின்றதால், இனி அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.