பாலத்தின் மேல் ஓடும் கால்வாய்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள். பேத்தி சிவில் இன்ஜினியரிங் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். தாத்தாவின் துறைக்கு வாரிசு வந்தாயிற்று.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சனிக்கிழமை மகன் எங்களை வேல்ஸ் பக்கம் கூட்டிப்போனான். லாங்கோலன் கால்வாயில் வாடகைப் படகு எடுத்து, ட்ரெவரிலிருந்து சர்க் வரை போய்த் திரும்பினோம். உரிமம் எதுவும் வேண்டாம். சிறிது நேரம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். சுக்கான் கட்டையை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். அது கைக்குப் பிடிபட்டுவிட்டால் அப்புறம் வேலையே இல்லை, கரையைப் பார்த்துக்கொண்டு வரலாம்.

கிளம்பியதுமே பொன்ட்கசுல்த்தே பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி, 1805இல் திறந்தது. டீ ஆற்றுக்கு 126 அடி உயரத்தில், 18 கல் தூண்களின் மேல், சுமார் 1,000 அடி நீளத்துக்கு ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி; கால்வாய் அதற்குள் ஓடுகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் சில அங்குலம்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் நேர் கீழே மரங்களின் உச்சியும் ஆறும். மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் சுக்கானை மகனிடம் கொடுத்துவிட்டு விளிம்போரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், முருகேசா. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பாலங்களில் தண்ணீர் கசியாமல் இருக்கக் களிமண்ணைக் குழைத்து அடிப்பார்களாம். அந்தப் பாரத்தைத் தாங்கக் கட்டுமானமும் பருமனாக வேண்டும். இரும்புத் தொட்டி வைத்ததால் பாரம் குறைந்தது. தூண்களின் மேல்பகுதியை உள்ளே வெறும் கூடாகவே விட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் மாட்டு இரத்தம் சேர்த்தார்கள் என்றும், தகடுகளின் இணைப்பைச் சர்க்கரைப் பாகில் தோய்த்த கம்பளித் துணியால் அடைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் போட்ட நம் ஊர்ச் சாந்தைப் பற்றி நீ மணிக்கணக்கில் பேசுவது ஞாபகம் வந்தது. இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். நடைபாதை தொட்டிக்கு உள்ளேயே, தண்ணீருக்கு மேல் நிற்கிறது. படகு ஒதுக்கும் தண்ணீர் அதன் அடியில் புகுந்து பின்னால் போய்விடும். அந்த வழி இல்லாவிட்டால் இத்தனை ஒடுக்கத்தில் படகு திணறிப்போகும்.

அப்புறம் இரண்டு சுரங்கங்கள், சர்க்கில் இன்னொரு பாலம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பினோம்.

திரும்பும்போது வேகம் இன்னும் குறைந்துவிட்டது. கால்வாயில் நீரோட்டம் இருக்கிறது! லாங்கோலனுக்கு மேலே டீ ஆற்றில் பிறை வடிவில் ஓர் அணைக்கட்டு. அங்கே எடுக்கும் தண்ணீர் இதே கால்வாய் வழியாக ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீருக்காகப் போகிறது. சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் போனபின், 1944இல் சட்டம் போட்டுப் படகுப் போக்குவரத்தையே மூடினார்கள். தண்ணீர் தேவைப்பட்டதால் மட்டும் தூர்க்காமல் விட்டார்கள். பிறகுதான் உல்லாசப் படகுகள் பெருகின, 2009இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பொன்ட்கசுல்த்தே பாலமும் அதை ஒட்டிய கால்வாய்ப் பகுதியும் சேர்ந்தன.

நம் பக்கிங்காம் கால்வாய்க்கு அப்படி ஒரு வேலை வாய்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் நின்றதும் சென்னைக்குள் அது சாக்கடையாகிவிட்டது. பறக்கும் ரயிலின் தூண்களை அதற்குள்ளேயே நட்டார்கள். மரக்காணம் பக்கம் நீ அளவெடுக்கப் போன இடத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது என்பாயே, இப்போது எப்படி? கண் தேறியதும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சுந்தரம்