ஒரு நிமிடம் என்றால் எத்தனை நிமிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. நடுவில் ஒரு வரி: "ஆசிரியர் ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும், மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்." இதை எழுதியவர் எந்த வகுப்பை வைத்துக்கொண்டு எழுதினாரோ தெரியவில்லை. பிள்ளைகள் யாரும் இல்லாத வகுப்பாக இருந்திருக்கும்.

நானும் ஒதுக்கியிருக்கிறேன். என் வகுப்பில் 38 பேர். அதில் நான்கு பேருக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, கடைசித் தேதியைப் போட்டு, 'ஒதுக்கு' என்பதைத் தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டுரையாளர் சொன்னது சரிதான். ஆனால் திரையின் கீழ்மூலையில் 'வகுப்பு முழுவதும்' என்ற கட்டத்தில் மென்பொருள்காரர்களே டிக் போட்டு வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. 38 பேருக்கும் ஏழாம் வாய்ப்பாடு போய்ச் சேர்ந்தது. மற்ற 34 பேர் பாதி முடித்து வைத்திருந்த வகுத்தல் பயிற்சி 'நிறுத்தப்பட்டவை' பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது.

கொடுத்ததை மொத்தமாகத் திரும்ப வாங்க வழியில்லை. ஒவ்வொரு பெயராகத் திறந்து, புதியதை நீக்கி, பழையதை உயிர்ப்பித்து, சேமித்து, மறுபடி பட்டியலுக்கு வர வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம், 34 பிள்ளைக்கு 51 நிமிடம். நான் கணக்கு டீச்சர், இந்த மாதிரிக் கணக்கு எனக்கு வாயிலேயே வந்துவிடும். இவ்வளவு செய்தும் மறுநாள் காலையில் ஆறு பேர் வாசலிலேயே மறித்து, "மிஸ், முடிச்சதெல்லாம் காணோம்" என்றார்கள்.

நீங்களும் ஆசிரியர், நானும் ஆசிரியர். தமிழ் நம் இருவருக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறது. உங்களுக்குக் கடிதம் வருகிறது, எங்களுக்குச் சுற்றறிக்கை வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு முறை புதிதாக ஒன்று வரும்போதும் 'வேலை குறையும்' என்றுதான் அந்தச் சுற்றறிக்கையும் சொல்லும். மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். பதிவேட்டையும் கையால் எழுதச் சொன்னார்கள், அதையும் எழுதினோம். எந்த வேலை குறைந்தது என்பதை மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

'இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் நவீன உத்தி' என்றும் கட்டுரையில் சிலாகித்திருக்கிறார்கள். விட்டு விட்டுப் படித்தால் மனதில் நிற்கும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே எழுதிவைத்துவிட்டார். இன்று கேட்டு, நாளைக்கு விட்டு, பிள்ளை மறந்திருக்கும் நேரம் பார்த்துத் திடீரென்று "ஆறொன்பது?" என்று கேட்பது கணக்கு வாத்தியார்களின் பழைய குசும்பு. அதற்கு லாகின் தேவைப்பட்டதில்லை.

வாய்ப்பாடு என்ன பெரிய கடலா? 1 முதல் 10 வரை மொத்தம் 100 பெருக்கல். 3 × 8-ம் 8 × 3-ம் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால் 55. ஒன்றையும் பத்தையும் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, அவற்றை எடுத்துவிட்டால் 36. இரண்டும் ஐந்தும் தாளத்தோடு வந்துவிடும், மிச்சம் 21. மூன்றையும் நான்கையும் விரல்விட்டாவது சமாளித்துவிடுவார்கள். பிள்ளைகள் உண்மையில் முழிப்பது ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது தங்களுக்குள் மோதிக்கொள்ளும் 10 இடங்களில்தான். அந்தப் பத்தில் யாருக்கு எது இடறும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஒரு பெருக்கலை மட்டும் தனியாக ஒதுக்க முடியாது. ஏழெட்டு ஒன்றுதான் வரவில்லை என்றாலும் ஏழொன்று ஏழிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், ஒரு கேள்விக்கு மென்பொருள் கொடுக்கும் அந்த மூன்று விநாடி. ஒரு பெண். வாயால் "ஏழெட்டு" என்று நான் முடிப்பதற்குள் "ஐம்பத்தாறு" என்பாள். திரையில் அதே கேள்வி வந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் ஆறு முன்னால் விழுந்து 65 என்று வந்தது. அழித்தாள். 5 போட்டாள். 6-க்கு விரல் போவதற்குள் நேரம் முடிந்து கட்டம் சிவந்தது. தட்டத் தெரியாததற்கும் கணக்குத் தெரியாததற்கும் மென்பொருளுக்கு ஒரே சிவப்புதான். இப்படி நாலைந்து சிவப்பு விழுந்ததும் அவளைக் கூட்டலுக்கு இறக்கிவிட்டது. "மிஸ், நான் மறுபடி ஒண்ணாங் கிளாஸா?" என்று கேட்டாள். ஒரு பிள்ளைக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வழி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொரு பையனுக்கு வாராவாரம் அறிக்கையில் நூற்றுக்கு நூறு. கரும்பலகையில் 6 × 7 எழுதிக் கூப்பிட்டால் கூரையைப் பார்க்கிறான். விசாரித்தால், வீட்டில் தட்டுவது அண்ணன். அறிக்கையில் நட்சத்திரம் விழுகிறது, யார் விரல் என்று விழுவதில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் வாயைத் திறக்கவே கூச்சப்படும் இரண்டு பிள்ளைகள் அதில்தான் எட்டாம் வாய்ப்பாட்டைக் கரை சேர்த்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த 'ஒரு நிமிடம்'தான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. பெற்றோரும் படிக்கிறார்கள் அல்லவா? "ஒரு நிமிஷ வேலைதானாமே டீச்சர்?" என்று போன வாரமே ஒருவர் கேட்டுவிட்டார்.

என் கடிதங்களை நீங்கள் பிரசுரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். புதிர்ப் பகுதியில் 7 + 3 × 2 = 20 என்று விடை போட்டிருந்தீர்கள். பெருக்கல்தான் முதலில், விடை 13 என்று மறுநாளே எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. இன்றும் யாரோ ஒரு பிள்ளை 20 என்று நம்பிக்கொண்டிருக்கும். சரி, போகட்டும்.

இந்த முறை கேட்பது சின்ன விஷயம். மறுப்புக் கட்டுரை எல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் ஏதாவது ஓரத்தில் ஒரு வரி போடுங்கள்: 'ஒதுக்கு' என்பதைத் தட்டும் முன் 'வகுப்பு முழுவதும்' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் புதிர்ப் பகுதியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, கணக்கு ஆசிரியை