ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஏன் போதாது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நடைப்பயிற்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். அரை மணி நேரம் நடந்தால் செலவாகும் கலோரி ஒரு சிற்றுண்டிக்குக்கூடக் காணாது என்று கட்டுரையாளர் போட்ட கணக்கு சரிதான். ஆனால் அதை வைத்து, தினமும் நடப்பதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஓடிவிட்டால் போதும் என்று முடித்தாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் கொழுப்பைக் குறைக்க அது போதாது.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றி எடுத்த குழாயில் சீரம் (ரத்த அணுக்கள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் நீர்) இளமஞ்சளாய், தெளிவாய் நிற்க வேண்டும். சில குழாய்களில் பால் கலந்த மாதிரி வெள்ளையாக நிற்கும். "எதுவும் சாப்பிடவில்லையே?" என்று கேட்டால் "இல்லவே இல்லை" என்பார்கள். குழாய் வேறு சொல்லும். (உண்மையிலேயே வெறும் வயிற்றில் எடுத்தும் வெள்ளையாக இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது வேறு கதை.)

அந்த வெள்ளை, சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு. சர்க்கரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். பெரும்பாலான கொழுப்பு அப்படிப் போவதில்லை. கைலோமைக்ரான் என்ற நுண்ணிய உருண்டைகளாகி, நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு, கழுத்துக்குக் கீழே ஒரு பெரிய சிரையில் வந்து ரத்தத்தில் கலக்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு (இந்தக் கொழுப்பின் பெயர்) உச்சத்துக்குப் போகவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அது இறங்குவதற்குள் அடுத்த சாப்பாடு வந்துவிடும். ஆக, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நம் ரத்தத்தில் கொழுப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுக்கும் ரிப்போர்ட் இதைக் காட்டாது.

இந்த உருண்டைகளை உடைத்துத் தசைக்குக் கொடுப்பது லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. தசைக்குள் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தசைக்கு வேலை கொடுத்தால் இது கூடும். உடனே அல்ல, நடந்து முடித்துச் சில மணி நேரம் கழித்து. அதனால்தான் இன்று மாலை நடந்த நடையின் பலன் நாளை காலைச் சாப்பாட்டில் தெரிகிறது. முந்தின நாள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களுக்குக் கொழுப்பான உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. டிரைகிளிசரைடு ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறைந்திருந்தது. கல்லீரல் அனுப்பும் கொழுப்பும் சீக்கிரம் கரைவது இன்னொரு காரணம். மூச்சு முட்ட ஓட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இந்தப் பலன் தங்காது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஞாயிறு ஓடியவருக்குப் புதன்கிழமைச் சாப்பாட்டில் அந்த ஓட்டம் எந்த உதவியும் செய்யாது. வாரக் கடைசியில் மட்டும் பயிற்சி செய்பவர்களுக்கும் இதயத்துக்கு நன்மை உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. நான் பேசுவது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் கொழுப்பை மட்டும்.

கட்டுரையாளர் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. நடந்து செலவழித்ததை அப்படியே திரும்பச் சாப்பிட்டால் இந்தப் பலனில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஆகவே கலோரிக் கணக்கைத் தூக்கிப் போட முடியாது. அப்புறம், ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மூன்று நிமிடம், ஐந்து நிமிடமாகப் பகல் முழுக்கப் பிரித்து நடந்தாலும் இந்த விஷயத்தில் பலன் உண்டு.

கட்டுரையின் பெட்டிச் செய்தியில் "வாரம் ஒருமுறை போதும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பலர் அதை மட்டும்தான் படிப்பார்கள். அடுத்த இதழில் திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பரிசோதனைக்கூட ஊழியர்