குழந்தைகளுக்காக வரும் பணத்தின் கணக்கு தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளின் குழந்தைகள் பள்ளிப் படிப்பைத் தொடர உதவும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குச் சில ஆண்டுகளாகச் சிறு தொகை அனுப்பி வருகிறேன். மார்ச் 31 உடன் முடிந்த ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு அண்மையில் வந்தது. அட்டையில் ஒரு பழங்குடிச் சிறுமியின் அழகிய படம். உள்ளே இருப்பது முழுக்க ஆங்கிலம். நானே மூன்று முறை படித்த பிறகுதான் ஓரளவு விளங்கியது. அச்சிறுமியின் தாய்க்கு அதில் ஒரு வரிகூட எட்டாது.

‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் இருந்த தொகையைக் கண்டு, என்னோடு சேர்ந்து நன்கொடை தரும் நண்பர் இனிமேல் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். விசாரித்தபோது, அதில் பெரும்பங்கு ஜீப்பின் டீசலுக்கும் பழுதுபார்ப்புக்கும் போனது தெரிந்தது. அதை நிர்வாகச் செலவு என்று வகைப்படுத்துவது சட்டமே. வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறும் நிறுவனங்களுக்கான வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், அந்நன்கொடையிலிருந்து நிர்வாகத்துக்குச் செலவிடும் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அச்சட்டத்தின் விதிகளில், பள்ளி ஆசிரியரின் சம்பளம் நிர்வாகச் செலவாகாது. வாகனத்தை ஓட்டவும் பராமரிக்கவும் ஆகும் பணம் நிர்வாகச் செலவாகும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தையும் யானை நடமாடும் காட்டுவழியையும் தாண்டியே போக வேண்டிய குடியிருப்புக்கு ஜீப் வராத நாளில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. ஆகவே மலையில் அந்த ஜீப்பே கல்விப்பணி என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டிறுதிக் கையிருப்பைப் பற்றியும் நண்பருக்கு ஐயம் இருந்தது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பதும், மீதியை வைத்துக்கொள்ளலாம் என்பதும் சட்டமே அனுமதித்த ஏற்பாடு. ஜூனில் பள்ளித் திறப்பும் தென்மேற்குப் பருவமழையும் ஒருசேர வரும் கூடலூர், பந்தலூர் பகுதிகளில், மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் வாங்க மார்ச் மாதக் கையிருப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இவற்றை நான் கேட்டு அறிந்துகொண்டேன்; ஆனால் கேட்காமலே நிறுவனம் சொல்லியிருக்க வேண்டும். அதில் தவறியது சிறிய குறையன்று; ஒரு நன்கொடையாளரையே இழக்க வைத்திருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்கிறோம். ஊரக வேலைத் திட்டத்துக்கு, மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை நடக்கிறது. குழந்தைகளின் பெயரால் திரட்டும் பணத்துக்கு மட்டும் அந்த வழக்கம் ஏன் இல்லை? எத்தனை பிள்ளைகள், ஜீப் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று தந்த பணம் அதற்கே செலவானதா என்பவற்றை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, குடியிருப்புகளில் பெற்றோரைக் கூட்டி வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீலகிரியில் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் நிறுவனங்கள் அனைத்தும் இதை வரும் ஆண்டுக் கணக்கிலிருந்தே தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.