ஆலிவ் கடையில் கேட்ட சொல்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாட்ரிட் சந்தையில் கடைக்காரர் ஆலிவை 'அஸெய்தூனா' என்றதும் திகைத்துப் போனதாக எழுதியிருந்தாய். நாம் குர்ஆன் ஓதும்போது வரும் 'ஸைத்தூன்' அல்லவா அது! உன் உம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். உன் அறைத்தோழி எதற்கு ஆசைப்பட்டாலும் 'ஓஹலா' என்கிறாளாமே, அதுவும் அரபியிலிருந்து வந்த சொல்தான். அல்லாஹ் நாடினால் என்று பொருள். 'இன்ஷா அல்லாஹ்' சொல்லாமல் நாளைய சமையலைக்கூடப் பேசாத உம்மாவுக்கு அந்தப் பெண்ணை இப்போதே பிடித்துவிட்டது.

ஆனால் கடைசியில், 'இங்கே நான் யார் வீட்டிலோ தங்கியிருப்பதுபோல் இருக்கிறது வாப்பா' என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னை உறங்க விடவில்லை.

ஒருநாள் டொலேடோவுக்குப் போய் வா. ரயிலில் அரை மணி நேரம்தான். 1085இல் அந்நகரம் முஸ்லிம்களிடமிருந்து கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோவின் கைக்குப் போனது. ஆட்சி மாறிய பிறகும் அரபு நூல்கள் அங்கே இருந்தன. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து ஜெரார்டு என்பவர், தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்டைத் தேடி அங்கு வந்தார். கிரேக்க மொழியில் பிறந்து, பாக்தாதில் அரபியான நூல் அது. அதற்காகவே அவர் அரபி கற்றார். அரபிச் சூழலில் வளர்ந்த காலிப் என்ற கிறிஸ்தவர் பொருள் சொல்லச் சொல்ல, இவர் லத்தீனில் எழுதினார். அந்த இருவரும் ஒரே ஏட்டின் மேல் குனிந்திருப்பதை எத்தனையோ இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1175இல் அந்த வேலை முடிந்தது. ஒரு நூலுக்காக வந்தவர் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். அவற்றில் ஒன்றான இப்னு சீனாவின் மருத்துவ நூலை ஐரோப்பிய மாணவர்கள் 17ஆம் நூற்றாண்டு வரை படித்தார்கள்.

அதே நாட்டில்தான், 1492இல் முஸ்லிம்களின் கடைசி அரசான கிரானடா வீழ்ந்த சில ஆண்டுகளில், அரபு நூல்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். மருத்துவ நூல்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், மகளே. எரித்தவர்களை மட்டும் நினைத்துக்கொண்டு டொலேடோவின் தெருக்களில் நடக்காதே. காலிப்பும் ஜெரார்டும் நடந்த தெருக்கள் அவை.

தோழியையும் அழைத்துப் போ. இதுபோல் இன்னும் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று அவளிடம் கேட்டு எழுது. நான் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். ஊருக்கு வரும்போது உப்பில் ஊறிய அந்த ஆலிவைக் கொஞ்சம் எடுத்துவரச் சொல்கிறாள் உம்மா.

துஆவுடன்,
வாப்பா